நாற்பத்தோராவது சரம்

ஐந்தாம் அத்தியாயம்

முந்தைய நான்கு அத்தியாயங்களைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பறிகொடுத்தவர்களுக்காக, நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு வீட்டின் மாடி அறையில் தீப்பிடித்தது. பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த வீட்டுக்காரர் புகையில் மூச்சு முட்டி இறந்துபோனார். வருஷக் கடைசி விடுமுறைக்காக அந்த வீட்டுக்கு நாற்பது சரம் எல்.இ.டி. விளக்கு மாட்டிய அலங்காரக்காரரை அன்று ராத்திரியே பிடித்து லாக்கப்பில் போட்டார்கள். நாற்பது சரத்தை ஒரே பிளக்கில் சொருகினால் ஓவர்லோடு ஆகிப் பற்றிக்கொள்ளாமல் வேறென்ன செய்யும் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி. நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் அதையே சொல்லப் போகிறார். அதற்குள் வேறு ஏதாவது கிடைக்காவிட்டால் அலங்காரக்காரர் பல வருஷம் வெளியே வர முடியாது.

இதைத் துப்பறிய வந்தவள் மீட்டரக்கா. இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவள். வாசல் சுவரில் இருக்கும் மீட்டரைப் பார்த்தே, இந்த வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது, அந்த வீட்டில் மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். வேலையை விட்டபிறகு அந்தப் பழக்கத்தையே தொழிலாக்கிக்கொண்டாள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவளுடைய தங்கை இறந்துபோனாள். அதிலிருந்து அக்காவுக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வேலை பார்க்கிறாள். காரமா இனிப்பா என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நாலு நாளைக்கு முன்னால், மகனுக்குத் தெரியாமல், இறந்தவரின் மனைவி அவளைத் தேடி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் "என்னாலதான்மா" என்றார். துக்கம் நடந்த வீட்டில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. எல்லாரும் செய்வதையே மீட்டரக்காவும் செய்தாள். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் குடித்தார். பிறகு இரண்டு கையாலும் தோளைத் தேய்த்துக்கொண்டே ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார்.

"வீட்ல கெடந்ததெல்லாம் இதுல இருக்கு. யாருன்னு கண்டுபிடிங்க. கொஞ்சம் சீக்கிரம்."

அவ்வளவுதான் முன்கதை. டீ குடிக்கப் போனவர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"அக்கா, இது சாகாது" என்றான் ட்யூப்லைட்.

ட்யூப்லைட் அவளுடைய உதவியாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. அடுத்தவர் ஜோக்குக்கு அரை நிமிஷம் கழித்துத்தான் சிரிப்பான் என்பதால் அந்தப் பெயர். தன்னுடைய ஜோக்கு மட்டும் அவனுக்குச் சட்டென்று வரும். இப்போது அவன் ஆபீஸ் தரையில் ஒரு விளக்குச் சரத்தைப் போட்டு அதன்மேல் செருப்புக் காலோடு நடந்துகொண்டிருந்தான். அந்த அம்மா கொடுத்த பையில் இருந்த சரம் அது. அலங்காரக்காரர் மாட்டியது போக மிஞ்சியது.

"எறங்கு. சாட்சிப் பொருள் அது."

"சாட்சியத்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். என் எடை எண்பத்திரண்டு கிலோ. ஒரு பல்பு கூட வாயத் தொறக்கல." குனிந்து எடுத்துப் பிளக்கில் சொருகினான். நூறு பல்பும் நீலவெள்ளையாக எரிந்தன. "கண்ணாடியே கெடையாது. முழுக்கப் பிளாஸ்டிக்கு. காலைல இருந்து தலையில சுத்திக்கிட்டு மேல துண்டு கட்டி உக்காந்திருந்தேன். இருக்கற நாலு முடியும் பத்திரமா இருக்கு."

"ஒரு சரம் எத்தனை வாட்?"

"அட்டைல அஞ்சுன்னு போட்டிருக்கு."

"நாப்பது சரம்?"

"இருநூறு."

"கீழ சலவைக்கடைல இஸ்திரிப் பெட்டி?"

"ஆயிரம். அதைப் புடிச்சுக்கிட்டு அந்த அண்ணன் பத்து வருஷமா நிக்கறாரு. அவரு சட்டைல ஒரு ஓட்டை கூட இல்ல."

"அப்ப இன்ஸ்பெக்டர் சொல்ற ஓவர்லோடு?"

"அது அவரு பேச்சுலதான் இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் மீட்டரக்கா சிரித்திருப்பாள். சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்கும் தெரிந்தது. அவன் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பைக்குள் கையை விட்டான். சுவரில் மாட்டும் கொக்கிகள், ஒரு முழம் வெள்ளை மஸ்லின் துணி, அலங்காரக்காரரின் விசிட்டிங் கார்டு. இதெல்லாம் ஏற்கெனவே பார்த்தவைதான். பையின் அடியில், மடிப்புக்குள், ஒரு தீப்பெட்டி தட்டுப்பட்டது.

உள்ளே தீக்குச்சி இல்லை. பஞ்சு வைத்து, அதன் நடுவில் மூன்று சின்ன பல்பு. கண்ணாடி பல்பு. உள்ளே தலைமுடி போல ஒரு கம்பி. ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாகத்தான் அழுத்தினான். அப்பளம் போல நொறுங்கிவிட்டது.

"ஐயோ. இது அந்தக் காலத்துச் சரத்தோட மாத்து பல்புக்கா. எங்க அப்பா கடைல விப்பாங்க. ஒண்ணு போச்சுன்னா மொத்த சரமும் போயிரும். கூட்டுக் குடும்பம் மாதிரி."

"இது எப்படி இந்தப் பையில வந்துச்சு?"

"வீட்ல கெடந்ததெல்லாம் அள்ளிப் போட்டேன்னாங்களே. அதுல இதுவும் வந்திருக்கும்."

மீட்டரக்கா தலையாட்டினாள். நொறுங்கிய கண்ணாடியை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். பழக்கத்தில் செய்ததுதான். அப்போது அவள் மனசில் எந்தப் பொறியும் தட்டவில்லை.

எரிந்த வீட்டுக்குப் போனபோது மணி பதினொன்று. வெளிச்சுவரில் முப்பது சரமும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அலங்காரக்காரர் வெளியே முப்பது, மாடி அறைக்குள் பத்து என்று மாட்டியிருந்தார். புகை படிந்து கறுத்து, தீயணைப்பு வண்டித் தண்ணீரில் ஊறி, பன்னிரண்டு நாள் வெயிலில் காய்ந்து கிடந்தவற்றை எடுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லை. ட்யூப்லைட் ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளக்கைத் துடைத்துச் சொருகினான்.

முப்பதும் எரிந்தன. ஒரு சரத்தில் நாலைந்து பல்பு தீயில் உருகி வழிந்திருந்தது. மற்றவை அதைக் கண்டுகொள்ளாமல் பட்டப்பகலில் மினுக்கிக்கொண்டிருந்தன.

"மனுஷனுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தாலே ஒரு வாரம் எந்திரிக்க மாட்டேங்கறான்" என்றான் ட்யூப்லைட்.

"அணைங்க அதை."

வாசலில் மகன் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். சவரம் செய்து ரொம்ப நாளாகியிருந்தது.

"உங்கள யாரு வரச் சொன்னா? யார்னுதான் தெரிஞ்சு போச்சே. அந்த ஆளு என் அப்பாவைக் கொன்னுருக்கான். நாளைக்கு கோர்ட்ல அவனைப் பாக்கணும் நான்."

"நான்தான் வரச் சொன்னேன்" என்று உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

மகன் திரும்பினான். அவன் குரல் உடனே தணிந்துவிட்டது. "அம்மா, நீ ஏன் எழுந்து வந்தே? மாத்திரை போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தான். அந்த அம்மா வாங்கிக் குடித்தார். இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் போலிருந்தது.

மாடிக்குப் போகும் வழியில் கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ. அப்பா, அம்மா, மகன். அந்த அம்மா தோளில் முரட்டுப் பின்னலில் ஒரு கம்பளிச் சால்வை. மீட்டரக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனசின் ஓரத்தில் வைத்துவிட்டு மேலே ஏறினாள்.

அறையில் இரும்புக் கட்டில் மட்டும் கட்டிலாக இருந்தது. மற்றதெல்லாம் கரி. கட்டிலின் தலைமாட்டில் ஜன்னல். தீ அங்கேதான் தொடங்கியிருக்கிறது என்பதைச் சுவரே சொன்னது. அந்த மூலையில்தான் கறுப்பு அடர்த்தி.

"பிளக்கு பிளாஸ்டிக்கு உருகிப் போயிரும். பித்தளைக் கால் போகாது" என்றாள் மீட்டரக்கா. "பொறுக்கு."

"எத்தனை இருக்கணும்?"

"ஒரு சரத்துக்கு ஒரு பிளக்கு, ரெண்டு கால். பத்து சரம், இருபது கால்."

அவன் பழைய செய்தித்தாளை விரித்து, சாம்பலைச் சலித்துப் பொறுக்கிப் போட்டான். முக்கால் மணி நேரம் ஆனது. வரிசையாக அடுக்கி எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அக்கா, எனக்குக் கணக்கு வராதுன்னு வாத்தியார் அப்பவே சொன்னாரு. இருபத்திரண்டு வருது."

அவள் குனிந்து பார்த்தாள். இருபது கால் ஒரே அச்சு. இரண்டு மட்டும் கொஞ்சம் குண்டாக, பழைய மாடலில் இருந்தன. கட்டிலின் தலைமாட்டில் முழங்கால் போட்டு, உள்ளங்கையால் சாம்பலைத் தடவினாள். விரலில் ஏதோ குத்தியது. மெல்லிய, வளைந்த கண்ணாடிச் சில்லு. ஜன்னல் கண்ணாடி இவ்வளவு மெலிதாக இருக்காது, வளைந்தும் இருக்காது. காகிதத்தைப் பிரித்துக் காலையில் நொறுங்கிய பல்பின் பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன.

"நாப்பத்தோராவது சரம் ஒண்ணு இருந்திருக்கு" என்றாள். "அலங்காரக்காரர் மாட்டினதோட வால்ல யாரோ இதைச் சொருகியிருக்காங்க. சரத்தோட கடைசில ஒரு ஓட்டை விட்டிருப்பான்ல, அடுத்த சரம் மாட்டறதுக்கு."

"அது சுடுமேக்கா."

"சுடும்."

விரலில் லேசாக ரத்தம் வந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

எதிர்வீட்டு மாடியில் ஒரு தையல்கடை. தையல்காரரின் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. தலை நிமிர்ந்தால் நேரே எரிந்த அறை. அவர் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசினார். ஊசி விழவும் இல்லை, பேச்சு குழறவும் இல்லை.

"வெளிச்சமா? நல்லாத் தெரியுமே. வீடு பூரா நீலமா எரியும். அதுல நூல் கோத்தா கண்ணு வலிக்கும் எனக்கு. அந்த ஜன்னல்ல மட்டும் அப்புறமா ஒரு மஞ்ச வெளிச்சம் வந்துச்சு. நல்ல வெளிச்சம். அதுல கறுப்புத் துணில கறுப்பு நூல் கூடத் தைக்கலாம்."

"அப்புறமான்னா எப்ப?"

"விளக்கு போட்டு ஒரு வாரம் இருக்கும். முதல்ல ஒரு சாயங்காலம் ஜன்னல்ல மாட்டியிருந்துச்சு, எரியல. மறுநாளும் எரியல. விட்டுருவாங்கன்னு நெனைச்சேன். மூணாம் நாள் எரிஞ்சுது. யாரோ உக்காந்து ஒவ்வொரு பல்பா கழட்டி மாட்டியிருக்கணும். அந்தப் பொறுமை என் பொண்டாட்டிக்கு என் விஷயத்துல இருந்திருக்கலாம்."

"தீப்பிடிச்ச அன்னிக்கு?"

தையல்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "அன்னிக்கு ஆறரை மணிக்கு வெளிச்சம் மங்கிப் போச்சு. அணையல. மேல துணி போட்டிருந்தாங்க."

"வெள்ளைத் துணியா? மஸ்லினா?"

"மஸ்லின்னா வெளிச்சம் ஒரே சீரா வரும். இது கண்ணு கண்ணா வந்துச்சு. பின்னல் துணி. கம்பளி. பெரிய பின்னல்." அவர் மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டார். "இதப் போய் யாருகிட்ட சொல்றது, யாரும் கேக்கலியேன்னு இருந்தேன். ஏழு மணிக்கு அந்த ஜன்னல்ல பெரிய வெளிச்சம் வந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் மெஷினை ஓட்டவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அலங்காரக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு இஸ்திரி போட்ட சட்டை, கசங்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினாற்போல. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள. ட்யூப்லைட் அவரிடம் வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அலங்காரக்காரர் குந்தியிருந்தார். ஐம்பது வயது. விரல் நுனியெல்லாம் வயர் உரித்த தழும்பு.

"கண்ணாடி பல்பு சரம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள் மீட்டரக்கா.

"எல்லாத்தையும் ஒழிச்சு ஆறு வருஷமாச்சும்மா. ஒண்ணு போனா எல்லாம் போகும். தேடி மாத்தறதுக்குள்ள விடுமுறையே முடிஞ்சு போயிரும். இந்த எல்.இ.டி. ஆறு வருஷமா அதே சரம்தான். மாட்டறேன், கழட்டறேன், மூட்டை கட்டறேன். ஒண்ணும் ஆகல."

"கட்டில் பக்கம் துணி போட்டீங்களா?"

அவர் தலை குனிந்தது. "போட்டேன். பெரியவரு கண்ணுக்கு உறுத்தக் கூடாதேன்னு வெள்ளைத் துணி போட்டேன். அந்த அம்மா பயந்தாங்க. தொட்டுப் பாருங்கம்மா, இப்ப வர்ற விளக்கு சுடவே சுடாது, தாராளமா மூடலாம்னேன். தொட்டுப் பாத்தாங்க. சரின்னாங்க." விரல் தழும்பைத் தடவிக்கொண்டார். "பன்னெண்டு நாளா எல்லாரும் நீதான் நீதான்னு சொல்றாங்க. ஒருவேளை நான்தானோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு. உக்காந்து யோசிச்சா, அந்தத் துணி சூடா இருந்த மாதிரி கூட ஞாபகம் வருது."

"அது சூடா இல்ல" என்றாள் மீட்டரக்கா. "சூடா இருந்திருக்க முடியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார்கள்.

"மகன்தான்க்கா" என்றான் ட்யூப்லைட். "பாத்தீங்கல்ல, கேஸ முடிக்க எப்படிப் பறக்கறான். ஏதோ மறைக்கறான். அவன்தான் பழைய சரத்த மாட்டியிருப்பான், மேல துணியப் போட்டிருப்பான்."

"ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொரு பல்பா மாத்தற ஆளா அவன்? ஒரு பிளக்க அணைக்கறதுக்கே பத்து அடி நடந்து வர மாட்டேங்கறான், வாசல்ல நின்னு கத்தறான்."

"அப்ப யாரு?"

"பின்னல் துணி யாருது?"

அவன் யோசித்தான். மீட்டரக்கா காத்திருந்தாள். தோளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் இரண்டு கைகள். வருஷக்கணக்காகத் தோளில் கிடந்த ஒன்று திடீரென்று இல்லாமல் போனால் கை அப்படித்தான் தேடும். போட்டோவில் இருந்த சால்வையை அவள் மனசின் ஓரத்திலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு தீப்பெட்டியை எடுத்தாள். பஞ்சு வைத்து, உடையாமல், பையின் மடிப்புக்குள் வைத்திருக்கிறது. அள்ளிப் போட்டது அப்படி இருக்காது.

"இந்தப் பையக் கட்டினது யாரு?" என்றாள்.

அரை நிமிஷம் ஆனது. பிறகு ட்யூப்லைட்டின் முகம் மாறியது. அவனை அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஜோக்கு இல்லாமல் அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்ததை அன்றுதான் பார்த்தாள்.

"முதல் நாளே என்னாலதான்னு சொன்னாங்க" என்றாள் மீட்டரக்கா. "மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னாங்க. நான் தண்ணி குடுத்தேன்."

அந்த அம்மா சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே எடுத்து மறுபடி துடைத்தார். மகன் கூடத்தில் யாரிடமோ போனில் வக்கீலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

மீட்டரக்கா தீப்பெட்டியை மேடைமேல் வைத்தாள்.

"இதைத் தெரிஞ்சுதானே வெச்சீங்க."

"ஆமா."

"உங்க சால்வை எங்கம்மா?"

"எரிஞ்சு போச்சு." துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நாலு நாள் எடுத்துக்கிட்டீங்க. நான் ரெண்டு நாள்ல வருவீங்கன்னு நெனைச்சேன்."

ட்யூப்லைட் கதவோரம் ஒதுங்கி நின்றான்.

"புது விளக்கு போட்டதும் அவரு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு" என்றார் அந்த அம்மா. "பேச்சு வராது அவருக்கு. மூணு நாள் அப்படியே கெடந்தாரு. அப்புறம்தான் எனக்கு விளங்கிச்சு. நாலு மாசம் ஆஸ்பத்திரில அந்த மாதிரி நீல வெளிச்சத்துலதான் கெடந்தாரு. பரண்ல பழைய சரம் இருந்துச்சு. கல்யாணமான வருஷம் அவரே வாங்கினது. எறக்கி மாட்டினேன், எரியல. ரெண்டு சாயங்காலம் அவரு கட்டில்லயே உக்காந்து ஒவ்வொரு பல்பா மாத்திப் பாத்தேன். அவரும் பாத்துக்கிட்டே இருந்தாரு. பதினேழாவது பல்பு. அத மாட்டினதும் மொத்தமும் எரிஞ்சுது. அவரு இந்தப் பக்கம் திரும்பினாரு."

கூடத்தில் மகனின் குரல் உயர்ந்து தணிந்தது.

"அன்னிக்குச் சாயங்காலம் கண்ணு கூசுதுன்னு கையால மறைச்சாரு. தோள்ல இருந்த சால்வைய எடுத்து மேல போட்டேன். அந்த அலங்காரக்காரத் தம்பி போட்டாரே, அது மாதிரிதான். பால் காய்ச்சக் கீழ வந்தேன்."

"பழைய பல்பு சுடும்னு தெரியாதாம்மா?" என்று கேட்டான் ட்யூப்லைட். மெதுவாகத்தான் கேட்டான்.

"தெரியும். சின்ன வயசுல எத்தனையோ தடவை கையச் சுட்டிருக்கு. மறந்துட்டேன். இத்தனை வருஷமா வீடு, கடை, தெரு, எங்க பாத்தாலும் சுடாத விளக்குதான். விளக்குன்னா சுடும்ங்கறதே மறந்து போச்சு."

மீட்டரக்கா கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான் மிச்சமிருந்தது. "அந்த மனுஷன் பன்னெண்டு நாளா உள்ள இருக்காரேம்மா. ஏன் சொல்லல?"

"சொன்னேன். தீயணைக்க வந்தவங்ககிட்ட என்னாலதான்னு சொன்னேன். உக்கார வெச்சாங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். மனசத் தேத்திக்குங்கம்மான்னாரு. மகன்கிட்ட சரத்தப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். உளறாதம்மான்னு மாத்திரை குடுத்தான். துக்கத்துக்கு வந்த அத்தனை பேருகிட்டயும் சொன்னேன். கட்டிப் புடிச்சுக்கிட்டு, அப்படிச் சொல்லாத, அப்படிச் சொல்லாதன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னேன்."

மடித்த துணியை எடுத்து மறுபடி பிரித்தார்.

"நான் சொன்னா அது துக்கம்" என்றார் கடைசியில். "வேற யாராவது கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டு வந்தாத்தான் நெசம். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

மீட்டரக்காவுக்கு ஒன்பது மாதத்தில் முதல் முறையாக ஏதோ உறைத்தது. அது வெட்கம். தங்கை செத்த அன்று இவளும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், கடைசியாக அவள் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை என்று. யாரும் அதைச் சொல்லி முடிக்க விடவில்லை. எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்று எண்ணியிருந்தால் ஒரு குடம் தேறும். அப்படிப்பட்டவள் இந்த அம்மாவின் வாயையும் ஒரு டம்ளரால் மூடி அனுப்பியிருக்கிறாள்.

"எனக்கு என்ன ஆகும்?"

"தெரியலம்மா. ஆனா அவரு வெளிய வந்துருவாரு."

அந்த அம்மா தலையாட்டினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு மகனும் பின்னாலேயே ஓடிவந்தான். மணி நாலு. அலங்காரக்காரரின் மனைவி அதே பெஞ்சில், அதே சட்டையோடு இருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர்.

"சார், அம்மாவுக்கு மனசு சரியில்ல" என்றான் மகன். "இவங்க ஏதேதோ சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க."

"நீங்க உக்காருங்கம்மா. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசலாம்." இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்குத் தண்ணி கொண்டாங்கப்பா."

தண்ணீர் வந்தது. அந்த அம்மாவின் கை பழக்கத்தில் தானாக நீண்டது.

மீட்டரக்கா நடுவில் கையை விட்டு அந்த டம்ளரை வாங்கினாள். எல்லாரும் பார்க்க, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தாள். தண்ணீர் நல்ல ஜில்லென்று இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது.

காலி டம்ளரை மேஜையில் வைத்தாள். அதன் பக்கத்தில் இருபத்திரண்டு பித்தளைக் கால்களையும், கண்ணாடிச் சில்லையும், தீப்பெட்டியையும் வைத்தாள்.

"தண்ணி ஆச்சு சார்" என்றாள். "இப்ப பேனாவ எடுங்க. அவங்க சொல்றத முழுசா எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் மகனைப் பார்த்தார். மகன் மேஜைமேல் இருந்த தீப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரணில் அது இருந்த இடம் அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.

அந்த அம்மா தோளைத் தேய்ப்பதை நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாப்பது சரம் அந்தத் தம்பியோடது" என்றார். "நாப்பத்தோராவது என்னோடது."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.